1980–84: பிரிட்டன் தரவரிசையில் முதலிடம் பிடித்த பாடல்களில் சிறந்தது எது?

1980 முதல் 1984 வரையிலான ஐந்து ஆண்டுகளில் பிரிட்டனின் சிங்கிள் (தனிப்பாடல் இசைத்தட்டு) தரவரிசையில் முதலிடம் பிடித்த பாப் பாடல்களில் மிகச் சிறந்தது எது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் நண்பர்களில் ஒருவர் மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' என்கிறார். இன்னொருவர் ஹியூமன் லீக் குழுவின் 'டோன்ட் யூ வான்ட் மீ' என்கிறார். மூன்றாமவர், விற்பனைக் கணக்கை எடுத்துப் பார்த்தால் வாதமே தேவையில்லை என்கிறார். என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1981 ஜூலையில் மூன்று வாரங்கள் முதலிடத்தில் இருந்த, தி ஸ்பெஷல்ஸ் குழுவின் 'கோஸ்ட் டவுன்' தான் அந்தப் பாடல். உங்கள் நண்பர்கள் மூவரின் வாயிலும் அந்தப் பெயர் வரவில்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

விற்பனையை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. அந்த ஐந்தாண்டின் கணக்கை எடுத்தால் 1984 டிசம்பரில் வெளியான, பல பாடகர்கள் சேர்ந்து பாடிய பேண்ட் எய்ட் குழுவின் 'டு தே நோ இட்ஸ் கிறிஸ்துமஸ்?' எல்லாவற்றையும் மிஞ்சி நிற்கும். எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக மக்கள் அள்ளிக் கொடுத்த பணம் அது. அந்தக் கருணையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை, ஆனால் அது பாட்டின் தரத்துக்குக் கிடைத்த சான்றிதழ் அன்று. 1980 டிசம்பர் 8 அன்று ஜான் லெனன் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, இரண்டு மாதங்களுக்குள் அவருடைய மூன்று பாடல்கள் முதலிடத்துக்கு வந்தன. அவற்றுள் 'இமேஜின்' 1971-இல் வெளியான ஆல்பத்தின் பாடல். மக்கள் வாங்கியது ஒரு பழைய பாடலை, வாங்கத் தூண்டியது துக்கம். அந்த மூன்றுக்கும் நடுவே, கிறிஸ்துமஸ் வாரத்தில் முதலிடத்தில் இருந்தது பாட்டியைப் போற்றும் ஒரு பள்ளிச் சிறுவர் குழுவின் பாடல். விற்பனைக் கணக்கு ஒரு சமூகத்தின் மனநிலையை வாரவாரியாகப் பதிவு செய்யும் நாட்குறிப்பு. இசைக்கு மதிப்பெண் போடும் தேர்வுத்தாளாக அதைப் படிக்கக் கூடாது.

எத்தனை வாரம் முதலிடத்தில் இருந்தது என்ற கணக்கும் உதவாது. அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் விற்பனையோடு வானொலி ஒலிபரப்பும் சேர்த்துக் கணக்கிடப்பட்டதால் பாடல்கள் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கின. ஒலிவியா நியூட்டன்-ஜானின் 'ஃபிசிக்கல்' அங்கே 10 வாரம் அசையாமல் நின்றது. பிரிட்டனிலோ கடையில் விற்ற இசைத்தட்டு மட்டுமே கணக்கு. 1982 வரை, தேர்ந்தெடுத்த கடைகள் தங்கள் விற்பனையைக் குறிப்பேட்டில் எழுதி அனுப்பின. 1983 தொடக்கத்தில் காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் பொறுப்பேற்ற பிறகு அந்த வேலை மின்னணுக் கருவிக்கு மாறியது. கடைக் கணக்கு மட்டும் என்பதால், ஒரு வாரத்தில் நாட்டின் இளைஞர்கள் எதை விரும்பிக் காசு கொடுத்து வாங்கினார்களோ அது அடுத்த வாரமே உச்சிக்கு வந்துவிடும். அதே வேகத்தில் இறங்கியும் விடும். தி ஜாம் குழுவின் 'கோயிங் அண்டர்கிரவுண்ட்' 1980 மார்ச்சில் வெளியான வாரமே நேராக முதலிடத்தில் நுழைந்தது. பிரிட்டன் பட்டியலை நான் விரும்புவதற்கு இந்த வேகமே காரணம். அது அன்றைய நாளோடு ஒட்டியிருந்தது.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டாக வேண்டும். அந்த ஆண்டுகளின் மிகச் சிறந்த சிங்கிள்களில் பல முதலிடத்துக்கு வரவே இல்லை. ஜாய் டிவிஷனின் 'லவ் வில் டேர் அஸ் அபார்ட்' 1980-இல் 13-ஆம் இடத்தோடு நின்றது. நியூ ஆர்டரின் 'ப்ளூ மண்டே' 1983-இல் 9-ஐத் தாண்டவில்லை. தி ஸ்ட்ராங்லர்ஸின் 'கோல்டன் பிரவுன்' இரண்டாம் இடம். அல்ட்ராவாக்ஸின் 'வியன்னா' 1981-இல் இரண்டாம் இடத்தில் காத்திருந்தபோது, ஜோ டோல்சேயின் 'ஷடப் யூ ஃபேஸ்' என்ற வேடிக்கைப் பாட்டு மூன்று வாரம் அதன் தலைக்கு மேல் இருந்தது. இதைப் பற்றி இன்றைக்கும் மனத்தாங்கலோடு பேசும் ரசிகர்கள் இருக்கிறார்கள். ஆகையால் 'சிறந்த பாடல் எது' என்பதும் 'முதலிடம் பிடித்தவற்றில் சிறந்தது எது' என்பதும் வெவ்வேறு கேள்விகள். நீங்கள் கேட்டது இரண்டாவது. அதற்கு விடை தேடும்போது நான் இரண்டு விஷயங்களைப் பார்க்கிறேன்: இசைத்தட்டாக அது எவ்வளவு நேர்த்தியானது, அது முதலிடத்தில் இருந்ததற்கு ஒரு பொருள் இருந்ததா. இரண்டாவதைப் பாட்டுக்கு வெளியே உள்ள விஷயம் என்று சிலர் தள்ளிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வானொலியிலும் வியாழன் இரவுத் தொலைக்காட்சியின் தரவரிசை நிகழ்ச்சியிலும் ஒரு நாடே கேட்கிறது என்ற நிலை, பாப் பாடலின் உடலில் ஓர் உறுப்பு.

1980-இலேயே இரண்டு பெரும் பாடல்கள் அடுத்தடுத்து உச்சிக்கு வந்தன. சுவீடனின் அப்பா (ABBA) குழு பாடிய 'தி வின்னர் டேக்ஸ் இட் ஆல்' பாடலின் வரிகளை எழுதியவர் குழுவின் பியோர்ன். பாடியவர் அவரிடமிருந்து பிரிந்துவிட்ட மனைவி அக்னேதா. எழுதியவரே தோற்றவரின் தரப்பை அவள் குரலுக்குக் கொடுத்துப் பாட வைத்திருக்கிறார் என்று தெரிந்த பின் அந்தப் பாடலைச் சாதாரணமாகக் கேட்க முடியாது. அதையடுத்து டேவிட் போவியின் 'ஆஷஸ் டு ஆஷஸ்'. 1969-இல் விண்வெளிக்கு அனுப்பிய தன் கதாபாத்திரமான மேஜர் டாமை, பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு போதைக்கு அடிமையானவனாகப் போவி மீண்டும் கொண்டுவந்தார். அவ்வளவு வினோதமான ஒலியமைப்புள்ள ஒரு பாடல் முதலிடத்துக்கு வந்தது அந்தப் பட்டியலுக்கே பெருமை. என் வரிசையில் இது நான்காவது. தி போலீஸ் குழுவின் 'எவ்ரி பிரெத் யூ டேக்' (1983) பாடலையும் பலர் முன்மொழிவார்கள். பிரிந்து போனவளை விடாமல் கண்காணிக்கும் ஒருவனின் வார்த்தைகளைத் திருமணங்களில் காதல் பாட்டாக ஒலிக்கவிடும் அளவுக்கு அதன் கிட்டார் இழை மயக்குகிறது. அது பெரிய கைத்திறன்தான். ஆனால் இரண்டு நிமிடத்துக்குப் பிறகு அந்தப் பாடல் புதிதாக எதையும் சொல்வதில்லை.

'டோன்ட் யூ வான்ட் மீ' பற்றி உங்கள் நண்பர் சொல்வதில் நிறைய நியாயம் இருக்கிறது. ஷெஃபீல்டில் தொடங்கிய ஹியூமன் லீக் 1980-இல் இரண்டாக உடைந்தது. இசையமைப்பில் தேர்ந்த இருவர் வெளியேறி ஹெவன் 17 என்ற குழுவைத் தொடங்கினார்கள். எஞ்சியிருந்த ஃபில் ஓக்கி, ஊரில் கிரேஸி டெய்சி என்ற நடன அரங்கில் ஆடிக்கொண்டிருந்த இரண்டு பள்ளி மாணவிகளைப் பார்த்துத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். சூசன் ஆன் சல்லியும் ஜோவன் காதராலும் தொழில்முறைப் பாடகிகள் அல்லர், பயிற்சி பெற்றவர்களும் அல்லர். அந்தப் பயிற்சியின்மைதான் பாடலைக் காப்பாற்றுகிறது. முதல் சரணத்தில் ஆண் பேசுகிறான்: மதுக்கூடத்தில் பரிமாறிக்கொண்டிருந்தவளை நான்தான் உயர்த்திவிட்டேன், இப்போது என்னை விட்டுப் போகிறாயா என்று மிரட்டுகிறான். இரண்டாம் சரணத்தில் அவள் பதில் சொல்கிறாள். ஆமாம், அங்கேதான் வேலை செய்தேன், ஆனால் அப்போதே எனக்கு வேறு வாழ்க்கை உண்டு என்று தெரியும் என்கிறாள். அந்தப் பதிலை ஒரு பெரிய பாடகி உருகிப் பாடியிருந்தால் அது நாடகமாகியிருக்கும். சூசனின் குரலில் அது பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண் தன் தோழியிடம் சொல்வதைப் போல இருக்கிறது.

தயாரிப்பாளர் மார்ட்டின் ரஷன்ட், சிந்தசைசர்களையும் லின் நிறுவனத்தின் புதிய டிரம் மெஷினையும் வைத்துக் கட்டிய அந்த ஒலி, பின்னர் வந்த பத்தாண்டு பாப் இசைக்கு அச்சாக அமைந்தது. இத்தனைக்கும் ஓக்கிக்கு இந்தப் பாடல் பிடிக்கவில்லை. 'டேர்' ஆல்பத்தின் கடைசியில் அதைத் தள்ளி வைத்திருந்தார். நான்காவது சிங்கிளாக வெளியிட நிறுவனம் வற்புறுத்தியபோது, வாங்குபவர்கள் ஏமாந்ததாக நினைக்கக் கூடாது என்று ஒரு வண்ணச் சுவரொட்டியையும் இலவசமாகச் சேர்த்துத் தரச் சொன்னார். 1981 கிறிஸ்துமஸ் உட்பட ஐந்து வாரம் முதலிடம், பிரிட்டனில் 15 லட்சத்துக்கு மேல் விற்பனை, அடுத்த ஆண்டு ஜூலையில் அமெரிக்காவிலும் மூன்று வாரம் முதலிடம். படைத்தவரின் தீர்ப்பைவிடக் கேட்டவர்களின் தீர்ப்பு சரியாக இருந்த தருணம் அது. என் வரிசையில் இதற்கு மூன்றாம் இடம். இரண்டாம் இடம் கொடுத்தாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

'பில்லி ஜீன்' என் தேர்வுக்கு உண்மையான போட்டி. ஒரு பாடலில் எது எங்கே எவ்வளவு இருக்க வேண்டும் என்ற அளவறிவில் அதை மிஞ்சிய இசைத்தட்டு அந்த ஐந்தாண்டில் இல்லை. ஏறத்தாழ அரை நிமிடம் குரலே இல்லாமல் தாளமும் பேஸ் கிட்டாரும் மட்டும் நடக்கின்றன. முன்னிசை நீளமாக இருக்கிறது, குறைக்கலாம் என்று தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸ் சொன்னபோது, அதைக் கேட்டால்தான் தனக்கு ஆடத் தோன்றுகிறது என்று ஜாக்சன் மறுத்துவிட்டார். லூயிஸ் ஜான்சன் வாசித்த பேஸ் ஒரு கணமும் ஓய்வதில்லை. லியோன் சான்ஸ்லரின் டிரம்ஸ் ஒரு இயந்திரத்தைப் போலத் துல்லியமாகவும் மனிதக் கையின் எடையோடும் விழுகிறது. ஒலிப்பதிவாளர் புரூஸ் ஸ்வீடியன் 91 முறை ஒலிக்கலவை செய்து பார்த்து, கடைசியில் இரண்டாவதாகச் செய்ததையே எடுத்துக்கொண்டார். அந்தக் குரலில் விக்கலைப் போல வரும் சிறு சிறு மூச்சொலிகள், குற்றம் சாட்டப்பட்டவனின் பதற்றத்தை வார்த்தைகளுக்கு முன்பே நமக்குச் சொல்லிவிடுகின்றன.

இத்தனை சிறப்பிருந்தும் நான் அதை முதலாவதாக வைக்காததற்குக் காரணம், பிரிட்டன் முதலிடம் அந்தப் பாடலின் கதையில் ஒரு சிறு நிகழ்வு என்பதுதான். 1983 மார்ச்சில் ஒரே ஒரு வாரம் அது அங்கே உச்சியில் இருந்தது. அடுத்த வாரம் பானி டைலர் வந்துவிட்டார். அதன் உண்மையான களம் அமெரிக்கா. அங்கே ஏழு வாரம் முதலிடத்தில் இருந்ததும், கறுப்பினக் கலைஞர்களை அரிதாகவே காட்டிய எம்.டி.வி. என்ற இசைத் தொலைக்காட்சி அந்தப் பாடலின் காணொளியைத் தொடர்ந்து ஒளிபரப்ப வேண்டி வந்ததும், மே மாதம் ஒளிபரப்பான மோட்டவுன் இசைத்தட்டு நிறுவன வெள்ளிவிழா நிகழ்ச்சியில் ஜாக்சன் அந்தப் பாட்டுக்குப் பின்னோக்கிச் சறுக்கி நடந்ததும் வரலாறு. நீங்கள் அமெரிக்கப் பட்டியலை வைத்துக் கேட்டிருந்தால் என் விடை மாறியிருக்கும். 'பில்லி ஜீன்' என்றும், அதற்கடுத்து, பேஸ் இசையே இல்லாமல் பிரின்ஸ் பதிவு செய்த 'வென் டவ்ஸ் க்ரை' என்றும் சொல்லியிருப்பேன்.

ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட் குழுவை விட்டுவிட்டதாக யாரும் சொல்லக் கூடாது. 1984 ஜனவரியில் பி.பி.சி. 'ரிலாக்ஸ்' பாடலை ஒலிபரப்ப மறுத்தது. இரண்டு வாரத்தில் அது முதலிடத்துக்குப் போய் ஐந்து வாரம் நின்றது. அதன் பிறகு வந்த 'டூ டிரைப்ஸ்' ஒன்பது வாரம். அணு ஆயுதப் போரைப் பற்றிய பாடல் கோடைகால நடன அரங்குகளை ஆட்டி வைத்தது உண்மையிலேயே வியப்புக்குரியது. ஆனால் அந்த இரண்டிலும் நான் கேட்பது தயாரிப்பாளர் டிரெவர் ஹார்னின் பிரம்மாண்டத்தை, பாடலை அல்ல.

இனி 'கோஸ்ட் டவுன்'. தி ஸ்பெஷல்ஸ், கார்த் தொழிற்சாலைகளுக்குப் பெயர் பெற்ற கவென்ட்ரி நகரத்துக் குழு. கறுப்பரும் வெள்ளையருமாக ஏழு பேர். ஜமைக்காவின் ஸ்கா தாளத்தையும் பங்க் இசையின் வேகத்தையும் கலந்து, ஜெர்ரி டாமர்ஸ் 1979-இல் தொடங்கிய டூ டோன் இசைத்தட்டு நிறுவனத்தின் வழியே பாடல்களை வெளியிட்டார்கள். 1981 வாக்கில் கவென்ட்ரியின் ஆலைகள் ஆட்களை வெளியேற்றிக்கொண்டிருந்தன. நாடு முழுவதும் வேலையில்லாதவர்களின் எண்ணிக்கை 25 லட்சத்தைத் தாண்டியிருந்தது. இனவெறித் தாக்குதல்கள் பெருகின. குழுவின் கிட்டார் கலைஞர் லின்வல் கோல்டிங்கே அப்படித் தாக்கப்பட்டவர். அதைப் பற்றி அவர் எழுதிய 'ஒய்?' என்ற பாடல் இதே இசைத்தட்டின் மறுபக்கத்தில் இருக்கிறது. இசைப் பயணமாக ஊர் ஊராகப் போன டாமர்ஸ், கிளாஸ்கோ தெருவில் வயதான பெண்கள் தங்கள் வீட்டுக் கோப்பைகளையும் தட்டுகளையும் விற்றுக்கொண்டிருந்ததைப் பார்த்ததாகப் பின்னர் சொன்னார். அந்தப் பாடல் அங்கிருந்து பிறந்தது.

பெரிய ஒலிப்பதிவுக் கூடத்தை விட்டுவிட்டு, லீமிங்டன் ஸ்பா என்ற சிறு நகரத்தில் எட்டு ஒலித் தடங்கள் மட்டுமே கொண்ட ஒரு சிறிய கூடத்தில், ஜான் காலின்ஸ் என்ற தயாரிப்பாளரோடு அதைப் பதிவு செய்தார்கள். இடவசதியும் தடங்களும் குறைவாக இருந்ததால், ஒவ்வொரு கருவியும் தன் இடத்தை நியாயப்படுத்த வேண்டியிருந்தது. முதலில் அபாயச் சங்கைப் போல ஓர் ஒலி எழுகிறது. பழைய திகில் படங்களை நினைவூட்டும் ஆர்கன் அதன்மேல் ஏறுகிறது. அடியில் ரெகே தாளம் அவசரமில்லாமல் நடக்கிறது. காலியான தெருவில் யாரோ நடந்து போகும் வேகம் அது. ஜமைக்காவிலிருந்து வந்த மூத்த கலைஞர் ரிகோ ரோட்ரிகஸின் டிரம்போன் ஓரிடத்தில் முனகி விட்டுப் போகிறது. டெரி ஹாலின் உணர்ச்சியற்ற குரல், மன்றங்கள் மூடப்பட்டுவிட்டன, இசைக் குழுக்கள் வருவதில்லை, ஆடும் இடத்தில் அடிதடி என்று செய்தி வாசிப்பதைப் போலச் சொல்கிறது. வார்த்தைகள் மிகக் குறைவு. பல்லவி என்று சொல்லத்தக்க இடத்தில் வார்த்தையே இல்லை. பல குரல்கள் சேர்ந்து ஒப்பாரி வைப்பதைப் போல ஓலமிடுகின்றன. ஒப்பாரி என்ற சொல்லை நான் யோசித்தே எழுதுகிறேன். ஒரு மனிதருக்காக வைப்பதை அவர்கள் ஓர் ஊருக்காக வைத்தார்கள்.

பிறகு நடுவில் ஒரு திருப்பம் வருகிறது. நல்ல நாட்களை நினைவிருக்கிறதா என்று கேட்டபடி மெட்டு சட்டென்று வெளிச்சமாகிறது. ஆட்டமும் பாட்டுமாக இருந்த பழைய கவென்ட்ரி சில நொடிகள் கண்முன் வந்து போகிறது. உடனே ஆர்கன் திரும்பி வந்து அந்த வெளிச்சத்தை அணைத்துவிடுகிறது. இழந்தது இன்னதென்று காட்டிவிட்டு இழப்பைச் சொல்வதால்தான் மீண்டும் வரும் ஓலம் முன்பைவிடக் கனமாக விழுகிறது. இதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தச் சில நொடிகள் வரும்போது இன்றும் மனம் முதலில் மலர்ந்து பிறகு சுருங்குகிறது.

பாடல் ஏப்ரலில் பதிவாகி ஜூனில் வெளியானது. ஜூலை தொடக்கத்தில் லண்டனின் சவுத்தாலிலும் லிவர்பூலின் டோக்ஸ்டெத்திலும் மான்செஸ்டரின் மோஸ் சைடிலும் கலவரங்கள் வெடித்தன. அந்த வாரக் கடைசியில் அவை நாட்டின் பல நகரங்களுக்குப் பரவின. ஜூலை 11 தேதியிட்ட பட்டியலில் 'கோஸ்ட் டவுன்' முதலிடம். தற்செயலாகக் கூடிவந்த காலம்தானே என்று உங்கள் நண்பர் கேட்கலாம். கலவரத்தைப் பார்த்து எழுதப்பட்ட பாடல் அன்று அது. கலவரம் எந்த நிலத்தில் முளைத்ததோ அதே நிலத்தில் சில மாதங்களுக்கு முன்பே முளைத்தது. வேலையில்லாத இளைஞர்கள் அதைக் கையிலிருந்த காசுக்கு வாங்கினார்கள், அதனால் அது உச்சிக்கு வந்தது; வந்ததால் நாடே அதைக் கேட்க வேண்டியதாயிற்று. அதே மாதக் கடைசியில் இளவரசர் சார்லஸின் திருமணத்துக்காகத் தெருக்களில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தவர்களின் வானொலியிலும் அந்த ஓலம் ஒலித்தது. பாட்டும் பட்டியலும் காலமும் இப்படி ஒன்றாகப் பொருந்தியதை அந்த ஐந்தாண்டில் வேறெங்கும் நான் காணவில்லை. காலம் மட்டுமே காரணம் என்றால், அந்த ஊரையும் அந்த ஆண்டையும் அறியாதவர்களுக்கு அது இன்று வெறும் பழைய தட்டாகியிருக்கும். ஒன்றும் சொல்லாமல் ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள்; ஏதோ ஓர் இடம் செத்துக்கொண்டிருக்கிறது என்பதை ஆர்கன் ஒலியிலிருந்தே அவர் புரிந்துகொள்வார்.

அந்தக் குழுவும் அத்தோடு உடைந்தது. பதிவின்போதே அவர்களுக்குள் கசப்பு முற்றியிருந்தது. பாடல் வெற்றி பெற்ற சில மாதங்களுக்குள் டெரி ஹால், நெவில் ஸ்டேப்பிள், கோல்டிங் மூவரும் விலகி ஃபன் பாய் த்ரீ என்ற புதிய குழுவாகிவிட்டார்கள். காணொளியைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பழைய வாக்ஸால் கிரெஸ்டா காரில் குழுவினர் அனைவரும் நெருக்கியடித்துக்கொண்டு, ஆளற்ற லண்டன் தெருக்களில் போய்க்கொண்டிருப்பார்கள்.

ஆகஸ்ட் 1 தேதியிட்ட பட்டியலில் ஷேக்கின் ஸ்டீவன்ஸின் 'கிரீன் டோர்' அந்த இடத்துக்கு வந்து நான்கு வாரம் இருந்தது. 1956-இல் முதன்முதலாகப் பிரபலமான பாடலின் மறுபதிப்பு அது. பச்சைக் கதவுக்குப் பின்னே எல்லோரும் சிரித்துக் கொண்டாடும் சத்தம் கேட்க, உள்ளே போக வழி தெரியாமல் வெளியே நிற்கும் ஒருவனின் பாட்டு.